கடல்குதிரைக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கடல்குதிரை சாப்பிடவில்லை, மிதக்கிறது, வால் வெளுக்கிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மருந்து போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது, "தண்ணீர் எத்தனை டிகிரி?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்களில் பலர் 26, 27 என்பார்கள். கோமாளி மீனுக்கு அது சரியான சூடு. கடல்குதிரைக்கு நோய் பிடிக்கிற சூடு.

இங்கே சொல்வதெல்லாம் பண்ணையில் பிறந்த ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ் இனத்தை மனதில் வைத்து. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கரீபியன் கடல் வரை வாழும் இனம் இது. வீட்டுத் தொட்டிக்கு இதைவிட ஒத்துவரும் கடல்குதிரை இல்லை என்பது என் கருத்து. ரெய்டி, குடா இனங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆஸ்திரேலியப் பக்கத்துப் பெருவயிற்றுக் கடல்குதிரை, அதாவது அப்டோமினாலிஸ், இன்னும் குளிர்ந்த நீரில் வாழ்வது. அதற்கு இங்குள்ள வெப்பநிலைக் கணக்கை எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கடல்குதிரைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பாக் நீரிணையில் வலையில் சிக்கியது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வளர்க்க அனுமதி உள்ள நாடுகளிலும் 2004 முதல் நாடு விட்டு நாடு போகும் வணிகத்துக்கு சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை) கட்டுப்பாடு உண்டு. வாங்கும்போது பண்ணையில் பிறந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கடலில் பிடித்தது ஒட்டுண்ணிகளோடு வரும், உறைந்த உணவைப் பெரும்பாலும் தொடாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

வெப்பமானியைப் பாருங்கள். 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடல்குதிரைகளைக் கொல்வதில் முன்னால் நிற்பவை விப்ரியோ வகை பாக்டீரியாக்கள். ஹார்வேயி, அல்ஜினோலிட்டிகஸ் என்று சில இனங்களின் பெயர் அடிக்கடி அடிபடும். நல்ல தொட்டியிலும் இவை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். தண்ணீர் சூடானால் வேகமாகப் பெருகும், வீரியமும் கூடும். சூட்டைக் குறைக்காமல் மருந்து மட்டும் ஊற்றுவது, ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட்டையை விட்டுவைப்பது மாதிரி.

அடுத்து அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமா என்று சோதியுங்கள். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.022 முதல் 1.025 வரை, பிஹெச் 8-ஐ ஒட்டி இருந்தால் சரி. ஏதாவது ஒன்று விலகியிருந்தால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் அதே வெப்பநிலையில், உப்புக் கரைத்து ஒரு நாள் காற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரை அவசரமாகச் சூடாக்கி ஊற்றினால் அதில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்து நிற்கும். அதன் விளைவு கீழே வரும்.

மருந்து தேவைப்பட்டால் அதைக் காட்சித் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும், அப்புறம் அமோனியா ஏறும், இரண்டாவது நோய் அங்கிருந்து தொடங்கும். 40 லிட்டர் அளவில் ஒரு வெறுந்தொட்டி போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். வால் சுற்றிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் செடி, பெரிய குமிழ் விடும் காற்றுக் குழாய், ஒரு வெப்பமானி. ஃபில்டர் கரியும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும், யூவி விளக்கும் மருந்தை உறிஞ்சிவிடும் அல்லது சிதைத்துவிடும் என்பதால் அவை இருக்கக் கூடாது. தினமும் அமோனியா பார்த்து, பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மருந்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். தொட்டி மாறினாலும் முதலில் வெப்பநிலை அதேதான். பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 20 வரை இறக்கலாம்.

மேலே மிதக்கிறது, அல்லது வாலில் கண்ணாடிக் குமிழ் தெரிகிறது

இது வாயுக் குமிழ் நோய். கடல்குதிரை வளர்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் சந்தித்தே தீர வேண்டியது. மூன்று விதமாக வரும். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கடல்குதிரையில் குட்டிகளைச் சுமப்பது ஆண்தான். அந்த ஆணின் வயிற்றுப் பை உப்பி, அது தண்ணீரின் மேற்பரப்பில் தக்கை போல ஆடிக்கொண்டு, கீழே இறங்க முயன்று முயன்று தோற்றால் வாயு பையில் இருக்கிறது. அண்மையில் குட்டி ஈன்றிருந்தால், உள்ளே தங்கிய குட்டியோ திசுவோ அழுகி வாயு உண்டாகியிருக்கலாம். பெண்ணிடம் காட்டுவதற்காகப் பையை விரித்துச் சுருக்கும்போது பக்கத்தில் காற்றுக்கல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தால் அதிலிருந்தும் காற்று உள்ளே போகலாம். பை உப்புவதெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கர்ப்பத்திலும் பை உப்பும். ஆனால் கர்ப்பிணி ஆண் மிதக்காது.

பையில் உள்ள வாயுவை வெளியேற்றலாம். கடல்குதிரையைத் தண்ணீருக்குள்ளேயே, தலை மேலாக, உள்ளங்கையில் தளர்வாகப் பிடியுங்கள். வாலை உங்கள் விரலில் சுற்றிக்கொள்ள விட்டால் அடங்கி நிற்கும். ஊசி நீக்கிய மெல்லிய ஐவி கேனுலாவின் (நரம்பில் மருந்து ஏற்றப் பயன்படும் பிளாஸ்டிக் குழாய்) முனையைப் பையின் மேல்புற வாயில் மிகக் கொஞ்சமாக நுழைத்து, பையைக் கீழிருந்து மேலாக மெதுவாக வருடினால் குமிழ்கள் வெளியே வரும். அழுத்தக் கூடாது. கேனுலா உள்ளே போக மறுத்தால் தள்ளவும் கூடாது. முதல் தடவை, செய்து பழகிய ஒருவரையோ மீன் மருத்துவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வாயு வெளியே வந்த உடனே அது நிமிர்ந்து நீந்திப் போகும். சில நாளில் மறுபடியும் உப்பினால் வெறும் வாயு வெளியேற்றம் போதாது, பைக்குள் மருந்து செலுத்திக் கழுவ வேண்டும். அதை மருத்துவரிடம் விடுங்கள்.

இரண்டாவது வகை தோலுக்கு அடியில் வருவது. வாலிலும் மூக்குக் குழலிலும் தெளிவான கொப்புளங்கள் தெரியும். அவற்றைக் குத்தி உடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உடைத்தால் திறந்த புண்ணாகி பாக்டீரியா உள்ளே போகும். மூன்றாவது உடலுக்குள் வருவது. வெளியே ஒன்றும் தெரியாது, பையும் தட்டையாக இருக்கும், ஆனாலும் மிதக்கும்.

இந்த இரண்டுக்கும் பயன்படுவது அசெட்டசோலமைடு. கண் அழுத்த நோய்க்கும் மலையேறுபவர்களுக்கு வரும் உயர நோய்க்கும் மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. வளர்ப்போரிடையே வழக்கத்தில் உள்ள குளியல் அளவு, 38 லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லிகிராம். மாத்திரையைப் பொடியாக்கிக் கரைத்து, மருத்துவத் தொட்டியில் சேர்த்து, ஒவ்வொரு 24 மணிநேரத்துக்கும் முழுத் தண்ணீரையும் மாற்றிப் புதிதாகப் போட வேண்டும். ஒரு வாரம் வரை ஆகலாம். இந்த மருந்து பசியைக் குறைக்கும். அதனால் முதல் நாளிலிருந்தே உயிருள்ள இறால் கையில் இருக்கட்டும். பாக்டீரியாத் தொற்றும் கூடவே இருப்பது சகஜம் என்பதால் ஆன்டிபயாடிக் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமிழ் போய்விட்டது என்றதும் பழைய தொட்டியிலேயே விட்டால் திரும்ப வரும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் சிறு கசிவு இருந்து காற்றை இழுக்கிறதா, தண்ணீரில் பால் போல நுண்குமிழ் பறக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் உயரமும் முக்கியம். ஆழம் குறைந்தால் நீரழுத்தம் குறையும், குமிழ் வளர இடம் கிடைக்கும். 50 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் கடல்குதிரை வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வால் நுனி வெளுக்கிறது, தோல் உரிகிறது, புண் ஆகிறது

முதலில் காரணத்தைத் தேடுங்கள். வால் இருப்பதே எதையாவது சுற்றிப் பிடிக்கத்தான். அது ஹீட்டரைப் பிடித்தால் வெந்துபோகும். ஹீட்டருக்குக் கூண்டு போடாமல் கடல்குதிரை வைப்பதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. பம்பின் வாயில் சிக்கினால் நசுங்கும். ஐப்டேசியா போன்ற சிறு கடல் சாமந்தியையோ, ஹைட்ராய்டு என்னும் கொட்டும் சிறு கடலுயிர்களையோ தொட்டால் கொட்டுபட்டுச் சிவக்கும், பிறகு வெளுக்கும். இப்படி உண்டான சின்னக் காயத்துக்குள் விப்ரியோ புகுந்தால் சில நாட்களில் தோல் போய் எலும்பு வளையம் தெரியும் நிலைக்குப் போய்விடும்.

இதில் காத்திருந்து பார்ப்பது ஆகாது. மற்ற நோய்களுக்கு ஒரு நாள் கவனித்துவிட்டு முடிவெடுக்கலாம், இதற்கு அன்றைக்கே தனிமைப்படுத்துங்கள். வெப்பத்தை மெல்ல 20-க்கு இறக்குங்கள். ஆன்டிபயாடிக்கில் நைட்ரோஃபுராசோன், நியோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வளர்ப்போரிடையே பழக்கம். மருத்துவர்கள் என்ரோஃப்ளாக்சசினும் கொடுப்பார்கள். புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்து வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அந்த பாக்டீரியா அடங்கும் என்று சோதிக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. நைட்ரோஃபுராசோன் தண்ணீரை மஞ்சளாக்கும், வெளிச்சத்தில் சிதையும், அதனால் விளக்கை அணைத்து வையுங்கள். மனித உடலுக்கும் அது நல்லதல்ல, கையுறை கட்டாயம். பிரிட்டன் போன்ற நாடுகளில் இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கா.

மூன்றாம் நாளே புண் காய்கிற மாதிரித் தெரியும். பலர் அங்கே மருந்தை நிறுத்திவிடுவார்கள். சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். பாதியில் நிறுத்தி மறுபடி வந்தால் அதே மருந்து இரண்டாம் முறை கேட்காது. வால் நுனி ஒரு சென்டிமீட்டர் போய்விட்டாலும் புண் ஆறிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும், மிச்ச வாலால் பிடித்துக்கொள்ளும்.

சாப்பிடவில்லை

கடல்குதிரைக்குப் பல் கிடையாது, இரைப்பையும் கிடையாது. உள்ளே போனது வேகமாக வெளியே வந்துவிடும், சேமித்து வைக்க இடமில்லை. அதனால்தான் நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்கிறோம். பெரிய மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். இது மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே நிலைமை மோசம்.

சாப்பிட முயல்கிறதா, முயலவே இல்லையா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. இரையை உற்றுப் பார்த்து, குறிவைத்து, இழுத்தும் உள்ளே போகவில்லை என்றால் கோளாறு வாயில். நன்றாக இருக்கும் கடல்குதிரை இரையை இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அமைதியான அறையில் தொட்டிக்கு வெளியிலேயே கேட்கும். அந்தச் சத்தம் மந்தமாகிவிட்டால் மூக்குக் குழலில் அடிபட்டிருக்கலாம், வீங்கியிருக்கலாம், தொற்று இருக்கலாம். குழலின் நுனி வெளுத்தோ சிவந்தோ இருந்தால் வால் புண்ணுக்குச் சொன்ன வழிதான், ஆனால் இன்னும் வேகமாக, ஏனென்றால் குழல் அரித்துப் போனால் உறிஞ்சவே முடியாது. வெளியே காயம் எதுவும் தெரியாமல் தாடை தளர்ந்திருந்தால் சிறிய இரையைக் கொடுத்து ஓய்வு கொடுங்கள். சில சமயம் தானாகச் சரியாகிவிடும்.

இரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் தண்ணீர், இடமாற்றம், துணை இறந்தது, குடற்புழு என்று காரணம் பல. தண்ணீர் சரியாக இருந்தால் ஆர்டீமியா, மைசிஸ் போன்ற இறால் வகைச் சிற்றுயிர்களை ஊட்டமேற்றி, உயிரோடு விட்டுப் பாருங்கள். அசைகிற இரை ஆசையைக் கிளப்பும். எச்சத்தையும் கவனியுங்கள். வெள்ளை நூல் போல நீண்டு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், அல்லது வெறும் பட்டினியாகவும் இருக்கலாம். மெட்ரோனிடசோலை உணவில் ஏற்றிக் கொடுப்பது வழக்கம். ஆனால் சாப்பிட மறுக்கிற ஒன்றுக்கு உணவில் மருந்து வைத்துப் பயனில்லை, அப்போது குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும். அது மருத்துவர் வேலை.

வேகமாக மூச்சு வாங்குகிறது

அமோனியா, ஆக்சிஜன் குறைவு, செவுள் ஒட்டுண்ணி. இந்த வரிசையில் பாருங்கள். எல்லாக் கடல்குதிரையும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் தண்ணீர்தான் காரணம், உடனே மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். ஒன்று மட்டும் மூச்சு வாங்கி, தலையையோ உடம்பையோ செடியில் உரசினால் ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம்.

அதற்கு நன்னீர்க் குளியல் நல்ல முதலுதவி. குளோரின் நீக்கிய நன்னீரை, தொட்டித் தண்ணீரின் அதே வெப்பநிலைக்கும் அதே பிஹெச்சுக்கும் கொண்டுவாருங்கள். சமையல் சோடா கொஞ்சம் சேர்த்தால் பிஹெச் ஏறும். முன்கூட்டியே காற்று ஓட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்திருங்கள். முதல் அரை நிமிடம் துள்ளும், பிறகு அடங்கும். அடங்காமல் தொடர்ந்து துடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒட்டுண்ணி உதிர்வதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம்.

நன்னீர் போதவில்லையென்றால் ஃபார்மலின். 37 சதவீதக் கரைசலில் 38 லிட்டருக்கு ஒரு மில்லி என்பது நீண்ட குளியலுக்கான வழக்கமான அளவு. அது ஆக்சிஜனைக் குறைக்கும், அதனால் காற்று பலமாக ஓட வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்தப் புட்டியைத் தொட வேண்டாம், அது நஞ்சாக மாறியிருக்கிறது. செவுள் தட்டைப்புழுவுக்கு பிராசிகுவாண்டெல் மென்மையான மருந்து. மற்ற கடல் மீன்களுக்குப் போடும் செம்பு மருந்தைக் கடல்குதிரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், தாங்காது.

கண் துருத்துகிறது

ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டது, சுத்தமான தண்ணீரில் விடுங்கள், பல நேரம் அதுவே போதும். இரண்டு கண்ணும் என்றால் உடலுக்குள் தொற்றோ வாயுவோ. மிதப்பும் சேர்ந்திருந்தால் மேலே சொன்ன அசெட்டசோலமைடு, இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக்.

நிறம் மாறுகிறது, வெள்ளைத் திட்டு

எரெக்டஸின் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெள்ளைத் திட்டு பிறவியிலேயே உண்டு. புதிதாக வாங்கியவர்களின் பாதித் தூக்கம் இதனால்தான் கெடுகிறது. நிறம் கறுப்பது பயத்தாலோ பின்புலத்தோடு ஒன்றிப்போகவோ இருக்கலாம், ஜோடி சேரும் காலத்தில் பளிச்சென்று வெளுக்கும். சாப்பாடும் மூச்சும் சரியாக இருந்தால் நிறத்தை விட்டுவிடுங்கள்.

கொப்புளம் போன்ற வெண் கட்டிகள் வேறு கதை. குளூஜியா என்ற நுண்ணுயிர் எரெக்டஸில் இப்படிக் கட்டிகளை உண்டாக்கும். 1979-லேயே இந்த இனத்தில் அது விவரிக்கப்பட்டது. நம்பத்தக்க மருந்து கிடையாது, மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதுதான் செய்யக்கூடியது.

மெலிகிறது, ஆனால் சாப்பிடுகிறது

நன்றாகச் சாப்பிட்டும் வாரக்கணக்கில் உடல் வற்றி, எலும்பு வளையங்கள் துருத்தினால் குடற்புழு முதல் சந்தேகம், மைக்கோபாக்டீரியா இரண்டாவது. இரண்டாவதற்கு நடைமுறையில் பலன் தரும் சிகிச்சை இல்லை. அது உங்களுக்கும் தொற்றும். கையில் கீறல் இருக்கும்போது தொட்டியில் கை விட்டால் தோலில் ஆறாத முடிச்சு வரலாம். கையுறை போடுங்கள். கையில் அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் அதை யோசிக்க வாய்ப்பில்லை.

ஆணின் பையிலிருந்து சிவந்த சதை வெளியே வருகிறது

குட்டி ஈன்ற பிறகு அல்லது வாயு அழுத்தத்தால் பையின் உட்புறம் வெளியே பிதுங்கலாம். மற்றவை கொத்தாமல் தனியே வைத்து, தண்ணீரைச் சுத்தமாக வையுங்கள். ஓரிரு நாளில் தானாக உள்ளே போகாவிட்டால் மருத்துவர் உள்ளே தள்ளி விடுவார்.

வராமல் பார்த்துக்கொள்ள

சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, விலை அதிகம்தான். ஆனால் கோடையில் 27 டிகிரி தொடும் அறையில் அது இல்லாமல் கடல்குதிரை வைப்பதைவிட, கோமாளி மீனோடு நிறுத்திக்கொள்வது மேல். மின்விசிறி வைத்து ஓரிரு டிகிரி குறைக்கலாம், ஆவியாகும் தண்ணீரை நன்னீரால் ஈடுகட்ட வேண்டும்.

உறைந்த மைசிஸை உருக்கி, வடிகட்டியில் அலசி, ஊட்டமேற்றிக் கொடுங்கள். உருக்கிய மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒரு சிறு தட்டில் வைத்துப் பழக்கினால் மிச்சத்தை ஒரு மணிநேரத்தில் எடுக்க எளிது. மணலுக்குள் அழுகும் இறால்தான் விப்ரியோவின் சாப்பாடு. ஆர்டீமியா முட்டையோடு ஹைட்ராய்டும் வரும், பொரிக்கும் பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் ப்ளீச்சில் கழுவி உலர்த்துங்கள். தொட்டியில் ஹைட்ராய்டு பரவிவிட்டால் ஃபென்பெண்டசோல் கொல்லும், ஆனால் நத்தைகளையும் கொல்லும் என்பதால் அவற்றை முதலில் வெளியே எடுங்கள்.

புதிதாக வருவதை ஆறு வாரம் தனித் தொட்டியில் வைப்பது நீண்டதாகத் தோன்றும், சுருக்காதீர்கள். வெவ்வேறு பண்ணைக் கடல்குதிரைகளைக் கலக்காதீர்கள். ஒன்றுக்குப் பழகிப்போன கிருமி இன்னொன்றுக்குப் புதிது. ஊசிக்கடல்மீனை (பைப்ஃபிஷ்) துணையாகப் போடச் சொல்பவர்கள் உண்டு, நெருங்கிய உறவு என்பதால் நோயும் எளிதில் தாவும்.

இறந்துவிட்டால்

காரணம் தெரிய வேண்டுமென்றால் உடலை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். பனிக்கட்டி திசுவை உடைத்துவிடும், நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. ஈரமான பையில் சுற்றி சாதாரண குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரையும் ஒரு புட்டியில் தனியாக எடுத்துக்கொண்டு போங்கள்.